உறுமி லண்டன் போன கதை: மாயாவின் ஆறு ஆல்பங்கள், என் வரிசையில்

பிரிட்டிஷ் இசைக்குழுக்களின் ஆல்பங்களை எடுத்துவைத்து, இது முதலிடம், இது கடைசி என்று வரிசைப்படுத்துவது இசைப் பிரியர்களுக்கு அலுக்காத விளையாட்டு. 'தி கிளாஷ்', 'நியூ ஆர்டர்', 'டியூரான் டியூரான்' என்று 1970களின் கடைசியிலும் 80களிலும் அங்கே கிளம்பிய பங்க், நியூ வேவ் அலையைப் பற்றி எத்தனையோ பட்டியல்கள் வந்துவிட்டன. எனக்கும் அந்த விளையாட்டு பிடிக்கும். ஆனால் நான் எடுத்துக்கொண்டிருப்பது அந்த அலைக்குப் பின்னால் வந்த ஒருவரை. அவர் தமிழர். ஈப்போவில் உட்கார்ந்துகொண்டு பட்டியல் போடுகிற எனக்கு அது போதுமான காரணம்.

அவர் பெயர் மாதங்கி அருட்பிரகாசம். வீட்டில் மாயா. மேடையில் எம்.ஐ.ஏ. 1975 ஜூலை 18ஆம் தேதி லண்டன் ஹவுன்ஸ்லோவில் பிறந்தார். ஆறு மாதக் குழந்தையாக இருந்தபோது பெற்றோர் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பினார்கள். உள்நாட்டுப் போர் மூண்டது. இடையில் சென்னையிலும் கொஞ்ச காலம். 1986இல், பதினொரு வயது நிறைவதற்கு முன்பே, அம்மாவோடும் உடன்பிறப்புகளோடும் அகதியாக மறுபடி லண்டன்.

அங்கே அவர்கள் குடியிருந்த இடத்தின் பெயர் ஃபிப்ஸ் பிரிட்ஜ் எஸ்டேட். 'எஸ்டேட்' என்றதும் நமக்குப் பால் மரமும் லயமும்தான் ஞாபகம் வரும். லண்டனில் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் வேறு. அரசாங்கம் கட்டிக் கொடுத்த மலிவு வாடகைக் குடியிருப்பு அது. ஆனாலும் வசதியில்லாதவர்களை ஒரே இடத்தில் கொண்டுபோய் வைக்கிற இடம் என்ற அளவில் இரண்டும் ஒன்றுக்கொன்று தூரமில்லை.

செயின்ட் மார்டின்ஸ் கலைக் கல்லூரியில் படித்த மாயா, பாடகியாக வேண்டும் என்று கிளம்பியவரே அல்ல. நியூ வேவ் இசையில் ஊறிய 'எலாஸ்டிக்கா' என்ற குழுவின் பாடகி ஜஸ்டின் ஃபிரிஷ்மன் அவருக்குத் தோழி. அந்தக் குழு 2000இல் வெளியிட்ட 'தி மெனஸ்' ஆல்பத்துக்கு அட்டை வடிவமைத்துக் கொடுத்தார். அவர்களின் சுற்றுப்பயணத்தைப் படம் பிடிக்கப் போனார். அந்தப் பயணத்தில்தான் ரோலண்ட் எம்.சி.-505 என்ற தாளக் கருவி அறிமுகமானது. ஃபிரிஷ்மனிடம் அதை இரவல் வாங்கி, முறையாக எந்த இசையும் படிக்காமல், வீட்டிலேயே பாட்டுக் கட்ட ஆரம்பித்தார்.

2005 முதல் 2022 வரை ஆறு ஆல்பங்கள். ஆறின் தலைப்பையும் பாருங்கள்: அருளர், கலா, மாயா, மாதங்கி, ஏய்ம், மாதா. அப்பா பெயர், அம்மா பெயர், செல்லப் பெயர், இட்ட பெயர், மேடைப் பெயரைத் திருப்பிப்போட்ட பெயர், கடைசியில் தாய். குடும்ப அட்டையைப் படிப்பது போல இருக்கும். எங்கள் தாத்தாவின் பெயர் தோட்டத்துச் செக்ரோலில் ஒரு மாதிரியும் அடையாள அட்டையில் வேறு மாதிரியும் இருந்தது. யாரோ காதில் விழுந்தபடி எழுதிக்கொண்டார்கள். அவரும் பெரட்டில் இரண்டுக்கும் 'ஆமாங்க' என்று பதில் சொல்லிவிட்டுப் போனார். அதனாலோ என்னவோ, தன் வீட்டுப் பெயர்களை உலகத்தின் கடை அலமாரிகளில் பிழையில்லாமல் ஏற்றிவைத்த இந்தப் பெண்ணின் மேல் எனக்குத் தனி மரியாதை.

என் அளவுகோல் ஒன்றுதான். தலைப்பில் நம் பெயர் இருக்கிறது, சரி. உள்ளே நம் ஒலி இருக்கிறதா? இருந்தால், அது முன் வரிசையில் நிற்கிறதா, பின்னால் அலங்காரத்துக்கு நிற்கிறதா?

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. சில பாடல்களில் கெட்ட வார்த்தைகள் உண்டு, துப்பாக்கிச் சத்தம் உண்டு. பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டுவதற்கு முன் நீங்கள் ஒரு முறை கேட்டுவிடுங்கள். கடைசி இடத்திலிருந்து தொடங்குகிறேன்.

6. ஏய்ம் (2016)

எம்.ஐ.ஏ. என்பதைத் தலைகீழாகப் படித்தால் ஏய்ம். இதுவே தன் கடைசி ஆல்பமாக இருக்கலாம் என்று அவர் அப்போது சொன்னார். முதல் பாட்டு 'பார்டர்ஸ்' உண்மையிலேயே பெரிய பாட்டு. 2015இல் சிரியாவிலிருந்தும் மற்ற இடங்களிலிருந்தும் அகதிகள் படகேறி ஐரோப்பாவுக்கு வந்துகொண்டிருந்தபோது, வேலியில் ஏறும் மனிதர்களையும் படகில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் மனிதர்களையும் காட்சியாக்கித் தானே இயக்கினார். தானும் அகதியாக வந்தவர் என்பதால் அதில் நடிப்பு இல்லை.

ஆனால் அந்தப் பாட்டு முடிந்ததும் ஆல்பம் களைத்துவிடுகிறது. புகழ்பெற்ற பாடகர் ஸெயின் மாலிக்கோடு சேர்ந்து பாடிய 'ஃப்ரீடன்' இனிமையாகத்தான் இருக்கிறது. காரில் செம்மோரிலிருந்து கிரீன்டவுன் போய்ச் சேருவதற்குள் அது மறந்தும்போகிறது. ஒரு பாட்டுக்காக ஆறாம் இடம்.

5. மாதா (2022)

தலைப்பைப் பார்த்ததும் சிரித்துவிட்டேன். மலாய் தெரிந்த நமக்கு 'மாத்தா' என்றால் கண். தமிழில் தாய். கிறிஸ்துவக் குடும்பங்களில் மேரி மாதா. தனக்கு இயேசுவின் தரிசனம் கிடைத்ததாக மாயா வெளிப்படையாகப் பேசிய காலத்தில் வந்த ஆல்பம் இது. பழைய தெய்வப் பெயர் ஒரு பக்கம், புதிய நம்பிக்கை ஒரு பக்கம் என்று உள்ளே இழுபறி நடக்கிறது. அந்த இழுபறிதான் இதன் சுவாரஸ்யம்.

தமிழ்ச் சொற்களை அவர் கூச்சமில்லாமல் இறக்குவது இங்கேதான் அதிகம். ஒரு பாட்டின் பெயரே 'புத்தி'. ஆனால் 'பாப்புலர்', 'தி ஒன்' போன்ற பாடல்கள் அந்த ஆண்டு வானொலியில் ஓடிய மற்ற பாடல்களின் அச்சிலேயே வார்த்தவை. சொல் நம்முடையது, நடை கடை நடை. முழுசாக ஒரே மூச்சில் கேட்கிற ஆல்பம் அல்ல. இரண்டு மூன்று பாடல்களைப் பொறுக்கி வைத்துக்கொள்ளலாம்.

4. மாயா (2010)

இந்தப் பட்டியலில் மிக முரட்டுத்தனமான ஆல்பம். வெளிவந்தபோது விமர்சகர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். யூடியூபில் காணொளி ஓடும்போது கீழே நகருமே ஒரு கோடு, அந்தக் கோடுகளுக்குப் பின்னால் அவர் முகம் மறைந்திருப்பதுதான் அட்டைப்படம். நம் கைப்பேசி இணையத்தோடும், இணையம் அரசாங்கத்தோடும் இணைந்திருக்கிறது என்ற எச்சரிக்கையோடு ஆல்பம் தொடங்கும். 2010இல் அதைப் படித்தவர்கள்கூடப் பிதற்றல் என்றார்கள். 2013இல் எட்வர்ட் ஸ்னோடன் அமெரிக்க உளவு ஆவணங்களை வெளியிட்டபோது, அவர் சொன்னதில் பாதிக்கு மேல் உண்மை என்று தெரிந்தது.

'பார்ன் ஃப்ரீ' என்ற பாட்டின் படத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். செம்பட்டைத் தலைமுடி கொண்ட இளைஞர்களை மட்டும் ஆயுதப் படையினர் பிடித்துக்கொண்டுபோய்ச் சுடுவார்கள். முடியின் நிறத்துக்காகவா ஒருவனைக் கொல்வார்கள் என்று பார்ப்பவர் பதற வேண்டும். பிறப்புக்காக மட்டும் மனிதர்கள் எங்கெல்லாம் சாகிறார்கள் என்று அடுத்து யோசிக்க வேண்டும். அதற்காக எடுத்த படம். யூடியூப் அதைக் கட்டுப்படுத்தியது. 2009க்கு அடுத்த ஆண்டு வந்தது என்பதை நாம் மறந்துவிட்டுப் பார்க்க முடியாது. பிள்ளைகளுக்கான படம் அல்ல.

துணிச்சலுக்கு முழு மதிப்பெண். ஆனால் எந்திர இரைச்சலுக்குள் மெட்டு அமுங்கிவிடுகிறது. நான் மதிக்கிற ஆல்பம், அடிக்கடி போடுகிற ஆல்பம் இல்லை.

3. மாதங்கி (2013)

தன் பெயருக்கு என்ன அர்த்தம் என்று தேடிப் பார்த்து, மாதங்கி என்பவள் இசைக்கும் வாக்குக்கும் உரிய தேவி என்று கண்டுபிடித்ததிலிருந்து பிறந்த ஆல்பம். ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்டவர்களோடு சேர்த்துச் சொல்லப்படும் தெய்வம் அவள். மதுரை மீனாட்சியையும் மாதங்கியின் வடிவமாகச் சொல்வதுண்டு. லண்டன் பெண்ணுக்கு அது புதுச் செய்தியாக இருந்திருக்கும். நமக்கு அம்மன் கோயில் கதை.

'பேட் கேர்ள்ஸ்' பாட்டை நீங்கள் எங்காவது கேட்டிருப்பீர்கள். மொரோக்கோ பாலைவனத்தில், இரண்டே சக்கரத்தில் சாய்ந்து ஓடும் கார்கள், முகத்திரை அணிந்த பெண்கள். சவூதி அரேபியாவில் பெண்கள் கார் ஓட்டும் உரிமை கேட்டுக் குரல் கொடுத்துக்கொண்டிருந்த நேரத்தில், 2012இல், அந்தப் படம் வந்தது. அங்கே தடை நீங்கியது 2018 ஜூனில்.

இந்த ஆல்பத்தில் நகைச்சுவையும் இருக்கிறது. வாழ்வது ஒரே முறைதான், ஆடித் தீர்த்துவிடு என்று அப்போது இளைஞர்கள் ஆங்கிலத்தில் ஒரு கோஷம் வைத்திருந்தார்கள். அதற்குப் பதிலாக, நீ மறுபடியும் பிறப்பாய் என்று 'ஒய்.ஏ.எல்.ஏ.' பாட்டில் மறுபிறவிக் கணக்கைக் கொண்டுவந்தார். நம் பாட்டிகள் சொன்னதைத்தான் இந்த அம்மா நடன மேடையில் சொல்கிறார். மூன்றாம் இடத்துக்கு யோசிக்கவே இல்லை.

2. அருளர் (2005)

அப்பா அருட்பிரகாசம், ஈழப் போராட்ட இயக்கங்களில் ஒன்றான ஈரோஸின் நிறுவனர்களில் ஒருவர். அருளர் என்பது அவருடைய இயக்கப் பெயர். மகள் வளர்ந்த காலத்தில் அவர் பெரும்பாலும் வீட்டில் இல்லை. தன் பெயரை அவர் இணையத்தில் தேடினால் தன் ஆல்பம் கண்ணில் படட்டும் என்ற எண்ணம் தனக்கு இருந்ததாக மாயா பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அப்பாவிடமிருந்து தகவலும் வந்ததாம், தலைப்பை மாற்று என்று. மகள் மாற்றவில்லை.

இரவல் கருவியில் வீட்டிலேயே கட்டிய பாடல்கள் என்பதால் ஆல்பத்தில் சதை குறைவு, எலும்பு அதிகம். 'கலாங்' பாட்டின் முதல் வடிவம் 2003இல் வெறும் 500 இசைத்தட்டுகளாக வந்தது. அதுதான் பெரிய நிறுவனத்தின் கதவைத் திறந்தது. 'சன்ஷவர்ஸ்' படத்தைத் தென்னிந்தியக் காட்டில் எடுத்தார்கள். அதில் ஒரு வரிக்காக எம்.டி.வி. ஒளிபரப்ப மறுத்தது. பிரிட்டனின் பெரிய விருதான மெர்க்குரி பரிசுக்கு அந்த ஆண்டு இந்த ஆல்பம் பரிந்துரையானது.

பிறகு ஏன் முதலிடம் இல்லை? இதில் ஜமைக்கா இருக்கிறது, பிரேசில் இருக்கிறது, லண்டன் தெரு இருக்கிறது. தமிழ் இருப்பது பெரும்பாலும் கதையில்தான், காதில் குறைவு. அடுத்த இரண்டே ஆண்டுகளில் அதையும் சரிக்கட்டினார்.

1. கலா (2007)

இரண்டாவது ஆல்பத்தை அமெரிக்காவில், டிம்பலாண்ட் என்ற பெரிய தயாரிப்பாளரோடு செய்வதாக ஏற்பாடு. ஆனால் அமெரிக்கா வேலை விசா கொடுக்கவில்லை. சரி, போக முடிகிற ஊர்களுக்குப் போகிறேன் என்று கிளம்பிவிட்டார். இந்தியா, டிரினிடாட், ஜமைக்கா, லைபீரியா, ஆஸ்திரேலியா. டிரினிடாடுக்கு நம்மைப் போலவே இந்தியத் தொழிலாளர்கள் ஒப்பந்தத்தில் கப்பலேறிப் போனார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். நமக்கு ரப்பர், அவர்களுக்குக் கரும்பு. மூடிய ஒரு கதவினால் மாயாவுக்கு இத்தனை ஊர்கள் கிடைத்தன.

அப்படிச் சென்னைக்கு வந்தபோதுதான் உறுமி அவர் கைக்குக் கிடைத்தது. 'பேர்ட் ஃப்ளூ' பாட்டைப் போடுங்கள். கோழிகளின் கூச்சல், சிறுவர்களின் சத்தம், அதற்கடியில் நிற்காமல் அடிக்கிற மேளம். 2003இல் வந்த 'ஜெயம்' படத்துக்கு ஆர்.பி. பட்நாயக் போட்ட திருவிழாப் பாட்டு ஒன்றிலிருந்து எடுத்த துணுக்கும் இதில் இருக்கிறது. ஆல்பத்தின் முதல் பாட்டு 'பேம்பூ பங்கா'வில் 'தளபதி' படத்து 'காட்டுக் குயிலு' கேட்கும். இளையராஜாவின் அந்தத் தாளம் எந்தத் தோட்டத்துத் தீபாவளியில் ஒலிக்காமல் இருந்தது? 'ஜிம்மி' என்ற பாட்டு, 1982இல் வந்த 'டிஸ்கோ டான்சர்' இந்திப் படத்தின் பாட்டேதான். சின்ன வயதில் விருந்துகளில் ஆடிய பாட்டை அப்படியே எடுத்துப் பாடியிருக்கிறார்.

யாழ்ப்பாணத்துக் குடும்பத்துப் பெண் அவர். கோயில் இசை என்றால் அங்கே நாதஸ்வரமும் தவிலும்தான் பெருமை. அவற்றை விட்டுவிட்டு, தமிழ்நாட்டில் கானாப் பாட்டோடும் குலதெய்வக் கோயில்களோடும் சேர்ந்த உறுமியை எடுத்து முன்னால் வைத்தார். இது எனக்கு முக்கியமாகப் படுகிறது. இங்கேயும் பால் மரம் வெட்டியவர்களின் மேளம் அதுதான். கிராணி வீட்டு மேளம் அல்ல.

உறுமி எப்படிப் பேசுகிறது என்று அருகில் நின்று பார்த்திருக்கிறீர்களா? உடுக்கை மாதிரி நடுவில் ஒடுங்கிய மேளம், கொஞ்சம் பெரியது. ஒரு பக்கத் தோலைக் குச்சியால் அடிப்பார்கள். மறுபக்கத் தோலில் வளைந்த குச்சியை அழுத்தித் தேய்ப்பார்கள். அந்தத் தேய்ப்பில் எழுகிற முனகல்தான் உறுமல். சுங்கை சிப்புட் பக்கம் நாங்கள் இருந்த தோட்டத்தில் மாரியம்மன் திருவிழாவுக்கு அந்தச் சத்தம் லயத்தின் கடைசி வீடு வரை கேட்கும். பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. குடும்பங்கள் ஈப்போவிலும் சுற்றியுள்ள தாமான்களிலும் சிதறின. மேளமும் கூடவே வந்தது. ஆனால் தாமானில் அது இடைஞ்சல் ஆகிவிட்டது.

என் அக்காள் மகன் புந்தோங்கில் ஓர் உறுமி மேளக் குழுவில் வாசிக்கிறான். இந்த ஆண்டு எஸ்.பி.எம். எழுதுகிறவன். அக்காவுக்குத் தூக்கமில்லை. "படிக்கிற பையனுக்கு எதுக்குடா இந்த மேளம்? மேளக் குழுன்னாலே கேங்குனு பேசுறாங்க. நாளைக்கு வேலைக்குப் போனா இதையா எழுதிக் கொடுப்பான்?" என்று என்னிடம்தான் வந்து கேட்கும். அக்காவின் பயம் பொய்யில்லை. தைப்பூசம் வந்தாலே மேளக் குழுக்களில் சினிமாப் பாட்டு, வம்பு, சண்டை என்று புகார்கள் கிளம்புவதை நாமும் பார்க்கிறோம்.

நான் அவனுக்குப் புத்தி சொல்லவில்லை. காரில் ஒரு நாள் 'பேர்ட் ஃப்ளூ'வைப் போட்டேன், யார் எவர் என்று சொல்லாமல். பத்து விநாடி இருக்கும். கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்கினான். "மாமா, இது நம்ம அடி. யாரு வாசிக்கிறது?"

பாடுவது யார் என்று அவன் கேட்கவில்லை. வாசிப்பது யார் என்று கேட்டான். அந்தக் கேள்விதான் இன்றுவரை என்னை விடவில்லை. ஒரு மெட்டை எடுத்தால் அதற்குச் சொந்தக்காரர் இருக்கிறார். இதே ஆல்பத்தின் 'பேப்பர் பிளேன்ஸ்' பாட்டு, 'தி கிளாஷ்' குழுவின் 1982ஆம் ஆண்டுப் பாட்டு ஒன்றின் துணுக்கின் மேல் நிற்கிறது. அதனால் அந்தக் குழுவினரின் பெயர்களும் பாட்டாசிரியர்களாக அதில் இருக்கின்றன. ஆனால் அப்பனிடமிருந்து மகனுக்கு, தோட்டத்திலிருந்து தாமானுக்கு என்று கைமாறி வந்த ஓர் அடிக்கு யார் பெயரைப் போடுவது? சட்டப்படி அது யாருக்கும் சொந்தமில்லாதது. உலகமே எடுத்துக்கொள்ளலாம். வாசித்த கையின் பெயர் மட்டும் யார் வாயிலும் வராது.

'பேப்பர் பிளேன்ஸ்' 2008இல் அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் 4ஆம் இடம் வரை போனது. குடியேறிகளைப் பார்த்து மற்றவர்கள் பயப்படுகிற அதே கற்பனையை எடுத்து அவர்களையே கேலி செய்கிற பாட்டு. விசா கிடைக்காதவர் எழுதிய விசாப் பாட்டு என்றும் சொல்லலாம். அதே ஆண்டு வந்த 'ஸ்லம்டாக் மில்லியனர்' படத்தில் அது இடம்பெற்றது. அந்தப் படத்துக்காக ரஹ்மானோடு சேர்ந்து செய்த 'ஓ சாயா' பாட்டுக்கு ஆஸ்கார் பரிந்துரையும் வந்தது.

கலா என்பது அம்மாவின் பெயர் என்று சொன்னேன். அவர் தையல் வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தவர். பிரிட்டிஷ் அரசி வழங்கிய பதக்கங்களைக் கையால் தைத்துக் கொடுக்கிற வேலையையும் பல ஆண்டுகள் செய்தாராம். 2020இல் மாயாவுக்கே எம்.பி.இ. பதக்கம் கிடைத்தது. அம்மாவின் அந்த உழைப்பை மகள் அப்போது வெளியே சொன்னார். பதக்கம் வாங்கியவர்களின் பெயர்ப் பட்டியல் அரசாங்கத்திடம் இருக்கும். தைத்தவர் பெயர் எந்தப் பட்டியலிலும் இருக்காது. இங்கே மகள் அதை ஓர் ஆல்பத்தின் அட்டையிலேயே போட்டுவிட்டார். முதலிடத்துக்கு இதற்கு மேல் காரணம் தேட வேண்டாம்.

எங்கிருந்து தொடங்குவது?

ஆறையும் கேட்க நேரமில்லாதவர்கள் இந்த வரிசையில் ஐந்தே பாடல்கள் கேளுங்கள்: 'பேம்பூ பங்கா', 'பேர்ட் ஃப்ளூ', 'கலாங்', 'பேட் கேர்ள்ஸ்', 'பார்டர்ஸ்'. இருபது நிமிடம் போதும். பிடித்திருந்தால் 'கலா'வை முழுசாகக் கேட்டுவிட்டு, அப்புறம் 'அருளர்' பக்கம் போங்கள். அவர் வாழ்க்கையைத் தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர்கள் ஸ்டீவ் லவ்ரிட்ஜ் இயக்கி 2018இல் வந்த ஆவணப்படத்தைப் பார்க்கலாம். சன்டான்ஸ் விழாவில் நடுவர் குழுவின் சிறப்பு விருது பெற்ற படம்.

இதே காலத்தில் நம் நாட்டிலும் ஒன்று நடந்தது. யோகி பி-யும் நட்சத்திராவும் 2006இல் 'வல்லவன்' ஆல்பத்தைக் கொண்டுவந்து, தமிழ் ராப் என்றால் மலேசியா என்று தமிழ்நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்தார்கள். ஆக, இங்கிருந்து கிளம்பிய ஒலி வெளியே போகாது என்று யாரும் சொல்ல முடியாது.

அக்காவிடம் நான் சொன்னது இதுதான். பையன் எஸ்.பி.எம்.மில் நன்றாக எழுதட்டும், மேளத்தையும் விட வேண்டாம். சனிக்கிழமை ஒரு நாள் போதும். குழுவில் யார் யார் என்று நீயே போய்ப் பார்த்துவிட்டு வா. அக்கா போய்ப் பார்த்தது. இன்னும் முழுச் சம்மதம் இல்லை. ஆனால் பையன்கள் எல்லாருக்கும் மைலோ கலக்கிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறது.

உங்கள் ஊர்க் கோயில் திருவிழாவில் அடுத்த முறை உறுமி முழங்கும்போது, காதைப் பொத்திக்கொண்டு ஒதுங்காமல் ஒரு நிமிடம் நில்லுங்கள். வாசித்து முடித்து, தோளிலிருந்து மேளத்தை இறக்கிவைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கிற பையனிடம் போய், அவன் பெயர் என்ன என்று கேளுங்கள்.